பிளம்பரைக் கூப்பிட்டால் ஈயம் நினைவுக்கு வரும்

தனிமங்களின் குறியீடுகளை உருப்போடும் பிள்ளைகள் தடுமாறுவது ஏழெட்டு இடங்களில்தான். பொட்டாசியத்துக்கு ஏன் கே, ஈயத்துக்கு ஏன் பி.பி.? இந்த இடங்களில் மட்டும் பழைய பெயரைச் சொல்லிக் கொடுங்கள், பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஈயம் லத்தீனில் பிளம்பம். ரோமானியர்கள் தண்ணீர்க் குழாய்களை ஈயத்தில் செய்தார்கள். குழாய் ஒழுகினால் நாம் கூப்பிடும் பிளம்பருக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான்! வெள்ளி அர்ஜென்டம், அதாவது ஏ.ஜி.; அர்ஜென்டினா நாட்டின் பெயரும் அதிலிருந்தே. பாதரசத்தின் எச்.ஜி. வந்தது ஹைட்ரார்ஜிரத்திலிருந்து. கிரேக்க மூலத்தில் அதற்கு 'நீர்வெள்ளி' என்று பொருள். பழைய தெர்மாமீட்டர் உடைந்து தரையில் உருண்டதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

பொட்டாசியம் கொஞ்சம் சுற்றுவழி. செடிகளை எரித்த சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து காலியம் வந்தது, அதன் முதல் எழுத்துதான் கே. 1807-ல் அதைப் பிரித்தெடுத்த ஹம்ப்ரி டேவி வைத்த பெயரோ பொட்டாசியம். அது 'பொட்டாஷ்' என்பதிலிருந்து வந்தது. பானையில் காய்ச்சி எடுத்த சாம்பல். ஆக, இரண்டு பெயரும் ஒரே சாம்பல்தான்.

அப்புறம் டங்ஸ்டனுக்கு டபிள்யூ ஏன் என்று கேட்பார்கள். ஜெர்மன்காரர்களுக்கு அது வோல்ஃப்ராம்.