பிடி100 (Pt100, சூட்டுக்கேற்பத் தடை மாறும் வெப்பநிலை சென்சார்) ஆறு டிகிரி கூடக் காட்டினால்: என் அனுபவம்

சாய மெஷினில் கன்ட்ரோலர் 80 காட்டி நீராவி வால்வை மூடிவிடும்; கண்ணாடித் தெர்மாமீட்டரில் 74தான். ஷேடு வெளிறியது. வால்வு டயாபிரம் பார்த்தோம், சென்சாரையும் மாற்றினோம். மூன்று நாள் போனது.

கடைசியில் நீராவியை மூடிப் பூட்டி, பிரஷர் இறங்கியதும், கன்ட்ரோலர் முனையில் சென்சாரின் மூன்று ஒயரையும் (ஒரு வெள்ளை, இரண்டு சிவப்பு) கழற்றித் தடையை அளந்தேன். சிவப்பு-சிவப்பு 0.8 ஓம்; அது ஒயரின் தடை மட்டும். வெள்ளை-சிவப்பு, 30 டிகிரியில் ஒயர் தடையும் சேர்த்து 112.5 வரவேண்டும், வந்தது 114.8. ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் என்றால் அந்த 2.3 ஓம்தான் ஆறு டிகிரி! மூன்று ஒயர் இணைப்பு எல்லா ஒயரிலும் சமமாக உள்ள தடையைத்தான் ஈடுசெய்யும்; வெள்ளை ஒயரில் மட்டும் கூடும் தடையை ஈடுசெய்யாது.

சென்சார் தலைமூடியின் கேஸ்கெட் நைந்து, ஈரம் இறங்கி, வெள்ளை ஒயர் நுனியில் பச்சைக் களிம்பு. நுனியை வெட்டி லக் (ஒயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) போட்டு, கேஸ்கெட் மாற்றி, கேபிள் நுழையும் வாயைக் கீழ்நோக்கித் திருப்பினேன். இப்போது கன்ட்ரோலரும் தெர்மாமீட்டரும் ஒரே அளவு காட்டுகின்றன.