வயதான நாய், பூனையைப் பார்த்துக்கொள்வது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

வீட்டில் நாயோ பூனையோ வயதாகிக்கொண்டிருக்கிறது, என்ன மாற்றவேண்டும் என்று புரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வயசாயிடுச்சு, இனி அப்படித்தான் இருக்கும்" என்று நினைத்து விட்டுவிடுவதுதான் முதிய பிராணிகளுக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். முதுமை ஒரு நோய் அல்ல. மாடிப்படி முன்னால் தயங்கி நிற்கும் நாய்க்கு அநேகமாக மூட்டு வலிக்கிறது, அதற்கு மருந்து இருக்கிறது. அடிக்கடி தண்ணீர் குடிக்கும் பூனைக்குச் சிறுநீரகமோ சர்க்கரையோ சோதிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் தேடுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான்.

படி 1: எப்போது தொடங்குவது?

உடல் பெரிதாக இருந்தால் நாய்க்கு முதுமை சீக்கிரம் வந்துவிடும். கிரேட் டேன் போன்ற ராட்சத இனங்கள் 6 வயதிலேயே முதியவை. லாப்ரடார் அளவு நாய்களுக்கு 7, 8 வயது. பொமரேனியன், டாஷுண்ட் போன்ற சிறியவற்றுக்கு 10 வயது வரைகூட ஆகலாம். பூனைகளை 10, 11 வயதிலிருந்து முதியவையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நரைத்த மூக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், சில நாய்களுக்கு இளம் வயதிலேயே நரைத்துவிடும்.

படி 2: ஒரு நோட்டு போடுங்கள்

இது சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் மற்ற எல்லாப் படிகளையும்விட இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தினமும் கூடவே இருப்பதால் மெல்ல நடக்கும் மாற்றம் நம் கண்ணில் படாது. எண்ணாக எழுதி வைத்தால் தெரிந்துவிடும்.

எடை: மாதம் ஒருமுறை பிராணியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நில்லுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் நின்று கழித்துக்கொள்ளுங்கள். பூனைக்கும் சிறிய நாய்க்கும் கிராம் கணக்கில் காட்டும் மெஷின் இருந்தால் நல்லது. 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அடர்ந்த முடிக்குள் அது வெளியே தெரியவே தெரியாது.

தண்ணீர்: காலையில் அளந்து ஊற்றுங்கள், மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 50 மி.லி.க்கு மேல் பூனை குடித்தாலோ, 100 மி.லி.க்கு மேல் நாய் குடித்தாலோ அது அதிகம். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

மூச்சு: நன்றாகத் தூங்கும்போது மார்பைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். கனவு கண்டு காலை உதறிக்கொண்டிருக்கும்போது எண்ணினால் கணக்கு தப்பாகும். திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினால் இதயத்திலோ நுரையீரலிலோ பிரச்சினை இருக்கலாம், அடுத்த சோதனை வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இவற்றோடு சாப்பாடு, சிறுநீர், மலம், தூக்கம், நடை பற்றி வித்தியாசமாக ஏதாவது பட்டால் ஒரு வரி. உடம்பைத் தடவும்போது புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் அதன் இடம், அளவு, தேதி. வயதான நாய்களுக்கு வெறும் கொழுப்புக் கட்டி வருவது சகஜம்தான், ஆனால் தொட்டுப் பார்த்து மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசியால் கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

படி 3: ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர்

வருடத்துக்கு ஒருமுறை என்பது இனிப் போதாது. ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், பல், எடை எல்லாம் பார்க்கப்பட வேண்டும். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் பூனைக்குத் தாகமும் உடல் மெலிவும் வெளியே தெரிய ஆரம்பிக்கும். முன்கூட்டியே பிடிக்கச் சோதனையைத் தவிர வழி இல்லை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைக்கும் வயதான பூனைக்கு தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். "நல்லாத்தான் சாப்பிடுது" என்று நாம் நிம்மதியாக இருக்கும்போதே அந்த நோய் வளர்ந்துகொண்டிருக்கும்.

போகும்போது நோட்டும் ஃபோனில் வீடியோவும் இருக்கட்டும். வீட்டில் நொண்டும் நாய் கிளினிக்கில் பயத்திலும் பரபரப்பிலும் சரியாக நடந்துவிடும். தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் தொடரவேண்டியவைதான், எது எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பதை டாக்டர் சொல்வார்.

படி 4: வலியை அடையாளம் காணுங்கள்

வலித்தால் கத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள நாய் பெரும்பாலும் கத்தாது. படுத்த இடத்திலிருந்து எழ நேரம் எடுக்கும், எழுந்த முதல் சில அடிகள் விறைப்பாக இருக்கும், கொஞ்சம் நடந்ததும் சரியாகிவிடும். காரில் ஏற மறுக்கும். ஒரே மணிக்கட்டையோ மூட்டையோ நக்கிக்கொண்டே இருக்கும்.

பூனை இன்னும் நன்றாக மறைக்கும். அது குதிப்பதை உற்றுப் பாருங்கள். முன்பு தரையிலிருந்து நேராக ஜன்னல் திட்டுக்குத் தாவிய பூனை, இப்போது முதலில் நாற்காலி, அங்கே ஒரு நிமிடம் யோசனை, அப்புறம் திட்டு என்று போகும். ஏறும்போது பின்னங்கால்கள் உந்தாமல் முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொள்ளும். இறங்கும்போது சுவரோடு முன்கால்களைச் சறுக்கவிட்டு, முடிந்தவரை தரைக்குப் பக்கத்தில் வந்த பிறகே குதிக்கும். முதுகின் பின்பகுதியில் முடி திரிதிரியாக ஒட்டிக் கிடந்தால், திரும்பி நக்கிச் சுத்தம் செய்ய வலிக்கிறது என்று பொருள். சோம்பேறியாகிவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள்.

வலிக்கு நாய்க்கும் பூனைக்கும் என்றே மருந்துகள் இருக்கின்றன, மாதம் ஒருமுறை போடும் ஊசிகளும் வந்துவிட்டன. மனிதர்களுக்கான மாத்திரையை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும், ஏனென்றால் அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இப்யூபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பாசத்தில் அரை மாத்திரை கொடுத்து உயிர் போவதைவிடக் கொடுமை வேறில்லை.

மருந்தோடு சேர்ந்து உதவுவது எடைக் குறைப்பு. விலா எலும்புகள் விரலுக்குச் சுலபமாகத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் மூட்டுகள் அளவுக்கு மீறிச் சுமக்கின்றன. நடையை நிறுத்தாதீர்கள், ஒரே நீண்ட நடையை இரண்டு மூன்று குட்டி நடைகளாகப் பிரித்துவிடுங்கள். நடக்காமல் போனால் தசை கரையும், தசை கரைந்தால் மூட்டு இன்னும் வலிக்கும்.

படி 5: வீட்டைக் கொஞ்சம் மாற்றுங்கள்

முதலில் தரை. வழவழப்பான டைல்ஸில் பின்கால் விலகி விழுந்த நாய் அடுத்து நடக்கவே பயப்படும். படுக்கையிலிருந்து தண்ணீர், சாப்பாடு, வாசல் வரை வழுக்காத பாய்களை வரிசையாகப் போட்டுவிடுங்கள். பாதத்துக்கு அடியில் விரல்களுக்கு நடுவே வளரும் முடியை வெட்டுவதும் வழுக்கலைக் குறைக்கும்.

படுக்கை தடிமனான ஃபோமாக, முழங்கை தரையில் படாத அளவுக்கு இருக்க வேண்டும். சோபாவுக்கு ஒரு சரிவுப் பலகை. மாடிப்படிக்குக் கதவு, ஏறியே ஆகவேண்டும் என்றால் வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடியுங்கள். பூனைக்கு லிட்டர் ட்ரேயின் ஒரு பக்கம் தாழ்வாக இருக்கட்டும், மாடி வீடு என்றால் தளத்துக்கு ஒரு ட்ரே. ட்ரேக்கு வெளியே போகும் பூனை பழிவாங்குவதில்லை, விளிம்பைத் தாண்ட முடியாமல் போகிறது, அல்லது உள்ளே நோய் இருக்கிறது.

படி 6: சாப்பாடு

வயதானால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். நோயில்லாத முதிய பிராணிக்கு இது தேவையில்லை, தசையைக் காப்பாற்ற நல்ல புரதம் வேண்டும். சிறுநீரக நோய் உறுதியானால் விஷயம் வேறு. அப்போது பாஸ்பரஸ் குறைந்த, அதற்கென்றே தயாரித்த உணவை டாக்டர் சொல்வார்.

பூனைக்கு ஈரமான உணவு கொடுத்தால் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். மோப்பம் மந்தமாகிவிட்டால் உணவை வெதுவெதுப்பாகச் சூடாக்கி வையுங்கள், வாசனை எழும்பினால் சாப்பிடும். ஒரு நாள் முழுக்கப் பூனை எதுவும் சாப்பிடாவிட்டால் காத்திருக்காதீர்கள். பட்டினி நீண்டால், குறிப்பாகக் குண்டான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் எந்த வயதிலும் கூடாது.

படி 7: பல்லும் நகமும்

வாய் நாற்றம் முதுமையின் மணம் இல்லை, ஈறு நோயின் அறிகுறி. பிராணிகளுக்கான பேஸ்ட்டால் தினமும் துலக்கப் பழக்குங்கள். நம்முடைய பேஸ்ட்டை அவை துப்பாமல் விழுங்கிவிடும் என்பதால் அது வேண்டாம். பல் சுத்தம் செய்ய மயக்க மருந்து தேவைப்படும். வயதை மட்டும் காரணம் காட்டி மறுக்க வேண்டியதில்லை, முன்பே ரத்தம், இதயம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

நடை குறைந்ததும் நகம் தேயாது. வயதான பூனையின் நகம் தடித்து வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தி இறங்கும், வெளியே தெரியாமல் சீழ் வைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு விரலையும் மெல்ல அழுத்தி நகத்தை வெளியே கொண்டுவந்து பாருங்கள். கருப்பு நகம் என்றால் உள்ளே ரத்தக் குழாய் எங்கே முடிகிறது என்று தெரியாது. நுனியைத் துளித்துளியாக வெட்டி, வெட்டிய பரப்பின் நடுவே கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

படி 8: கண், காது, மூளை

கண்ணுக்குள் நீலச் சாம்பல் மூட்டம் தெரிந்தால் பதற வேண்டாம். வயதானதும் லென்ஸ் இறுகுவதால் வருவது அது, பார்வையை அதிகம் கெடுக்காது. வெண்மையாக அடைத்தால் கண்புரை. இரண்டையும் டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். பார்வை குறைந்துவிட்டால் மேசை நாற்காலிகளை இடம் மாற்றாதீர்கள்.

காது மங்குவதற்கு முன்பே கைச் சைகைகளைப் பழக்கிவிடுவது புத்திசாலித்தனம். தூங்கும்போது பின்னாலிருந்து தொடாமல், தரையில் காலால் தட்டி அதிர்வைக் கொடுத்து எழுப்புங்கள்.

இரவில் காரணமில்லாமல் குரைப்பது அல்லது கத்துவது, மூலையில் முட்டிக்கொண்டு நிற்பது, கதவின் கீல் பக்கம் போய்க் காத்திருப்பது, பழகிய ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது எல்லாம் மூளை முதுமையின் அடையாளமாக இருக்கலாம். வலியும் ரத்த அழுத்தமும் தைராய்டும் இதே மாதிரி காட்டும் என்பதால் முதலில் அவற்றைச் சோதிக்க வேண்டும். பகலில் சின்னச் சின்ன விளையாட்டு, மாறாத நேர அட்டவணை, இரவில் ஒரு மங்கல் விளக்கு உதவும். மருந்துகளும் இருக்கின்றன. வீட்டுக்குள் சிறுநீர் கழித்ததற்காகத் திட்டாதீர்கள். ஏன் திட்டுகிறோம் என்று பிராணிக்குப் புரியாது, பயம் மட்டும்தான் மிஞ்சும்.

படி 9: உடனே ஓட வேண்டிய நேரங்கள்

ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமல் இருப்பது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. பூனையின் பின்கால்கள் திடீரென்று விழுந்து, குளிர்ந்து, அது அலறுவது. நாயின் வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரிப்பது. ஈறு வெளுப்பது அல்லது நீலமாவது. இவற்றில் எதற்கும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

வயதான நாயின் தலை திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து, கண்மணி ஆடி, விழுந்து விழுந்து எழுந்தால் பக்கவாதம் என்று நினைத்துப் பலர் நம்பிக்கையை விட்டுவிடுகிறார்கள். உள்காதின் சமநிலை கெட்டதாக இருந்தால் சில நாளில் தேறத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் எழுந்து நடந்துவிடும். டாக்டரிடம் அன்றே காட்டுங்கள், ஆனால் அந்த நிமிடத்தில் கடைசி முடிவு எடுத்துவிடாதீர்கள்.

படி 10: கடைசிக் காலம்

எழ முடியாமல் படுத்துவிட்டால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், புண் வராது. ஈரத்தை உடனுக்குடன் துடையுங்கள்.

வலியில்லாமல் உயிர் பிரிய ஊசி போட்டு எப்போது விடுவிப்பது என்ற கேள்விக்கு, கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் உருவாக்கிய மதிப்பெண் முறை கைகொடுக்கும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துக்கு எத்தனை என்று போடுங்கள். வலிக்குப் போடும்போது வலி இல்லாவிட்டால்தான் முழு மதிப்பெண், மூச்சுத் திணறலும் அதில் அடங்கும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் இன்னும் பார்த்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை போட்டு, வீட்டில் எல்லாரும் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். ஒருவர் மட்டும் அந்த முடிவைச் சுமக்க வேண்டியிருக்காது.

டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள்: வீட்டுக்கு வருவாரா, முதலில் தூங்க வைக்கும் ஊசி போடுவாரா, அடக்கமோ தகனமோ எங்கே? அந்த நாளில் கேட்கும் தெம்பு இருக்காது. ஊசிக்குப் பிறகும் கண் திறந்தே இருக்கும், ஓரிரு முறை மூச்சு இழுப்பது போலத் தெரியலாம். அது வலி அல்ல. முடிந்தால் பக்கத்தில் இருங்கள்.

வீட்டில் இன்னொரு பிராணி இருந்தால் உடலை மோந்து பார்க்க விடலாம். அப்புறம் அதன் சாப்பாட்டு நேரத்தையும் நடை நேரத்தையும் மாற்றாதீர்கள். தேடி அலைவதும் குறைவாகச் சாப்பிடுவதும் சில நாள் இருக்கும். சுத்தமாகச் சாப்பிடவே மறுத்தால் அதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.