ஆஃப்ரோடு வண்டிக்கு போன் சார்ஜிங்: லைட்டர் சாக்கெட்ட நம்பி போகாதீங்க

மேப் ஓடுது, ஸ்க்ரீன் ஃபுல் பிரைட்னஸ், சார்ஜரும் மாட்டித்தான் இருக்கு, ஆனா பர்சன்ட் மட்டும் இறங்கிட்டே வருதா? பழைய வண்டிங்கள்ல இருக்கற யூஎஸ்பி போர்ட் பல நேரம் பென்டிரைவ்ல பாட்டு கேக்க வச்சதுங்க, 5 வோல்ட்ல 0.5 ஆம்ப், அதாவது வெறும் 2.5 வாட், அது மேப்புக்கே பத்தாது.

சரின்னு லைட்டர் சாக்கெட்டுக்கு ஃபாஸ்ட் சார்ஜர் வாங்குவோம். ரோட்டுல ஓகே. கல்லு மேல ஏறி இறங்கறப்ப அந்த ஸ்பிரிங் முனை லேசா நழுவும், சார்ஜிங் சிம்பல் வந்து வந்து போகும், நம்ம கண்ணு பாதையில இருக்கும், கவனிக்கவே மாட்டோம். அதனால வாட் ஏத்தறதுக்கு முன்னாடி கனெக்ஷன இறுக்கறதுதான் முதல் வேலை.

பின்னாடி நட்டு போட்டு முறுக்கற மாதிரி பேனல் மவுன்ட் சாக்கெட் வாங்குங்க, யூஎஸ்பி-சி, பிடி (பவர் டெலிவரி, வேகமா சார்ஜ் ஏத்தற முறை) சப்போர்ட் இருக்கணும். போனுக்கு 27 வாட்டே தாராளம், 45 வாட் வரைக்கும் போகலாம், அதுவே 12 வோல்ட்ல கிட்டத்தட்ட 4 ஆம்ப் இழுக்கும். பேட்டரில இருந்து நேரா இழுத்தா 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், 10 ஆம்ப் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும், ஏன்னா அது காப்பாத்தறது சார்ஜர இல்ல, ஒயர. சாக்கெட்டுகிட்ட ஃபியூஸ வச்சுட்டு நடுவுல ஒயர் தேஞ்சு பாடில பட்டா தீதான். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகரச் சுவர்) ஓட்டைல ரப்பர் கிரோமெட் (ஓட்டை விளிம்ப மூடற வளையம்) இல்லாம ஒயர விடவே விடாதீங்க, அந்த தகரம் பிளேடு மாதிரி அறுக்கும். எர்த் அடிக்கற எடத்துல பெயின்ட சுரண்டிட்டு போல்ட் போடுங்க. ஜாயின்ட்ட சால்டர் பண்றதவிட நல்லா கிரிம்ப் பண்ணுங்க (டெர்மினல ஒயர் மேல நசுக்கிப் பிடிக்கறது), சால்டர் நின்ன எடத்துல ஒயர் விறைச்சு அதிர்வுல ஒடியும். இவ்ளோ வேணாம்னா ஃபியூஸ் பாக்ஸ்ல சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஸ்லாட்ல ஃபியூஸ் டேப் (அந்த ஸ்லாட்ல இருந்தே தனி லைன் பிரிச்சு எடுக்கற அடாப்டர்) போட்டுக்கலாம், ராத்திரி பேட்டரி இறங்கற தொல்லையும் இல்ல.

கேபிள் சின்னதா, எல் ஷேப் முனையோட. ஆண்ட்ராய்டு ஆட்டோவ (போன் மேப்ப வண்டி ஸ்க்ரீன்ல காட்டறது) ஒயர்ல ஓட்டறவங்க கவனிங்க, சார்ஜிங் மட்டும் வர்ற சாக்கெட்ல அது வராது, வண்டியோட டேட்டா போர்ட்தான் வேணும். போன கண்ணாடில வெயில் படற மாதிரி ஒட்டாதீங்க, சூடானா போனே சார்ஜிங்க கொறச்சிடும், ஏசி வென்ட்கிட்ட வைங்க. வயர்லெஸ் சார்ஜிங் இன்னும் சூடு, எனக்கு அதுல நம்பிக்கையே இல்ல.

நெட்வொர்க் விஷயம் சுருக்கமா: சிக்னல் பூஸ்டர், ஏற்கனவே இருக்கற சிக்னலத்தான் பெருக்கும், ஒண்ணுமே இல்லாத எடத்துல காசு தண்டம், பல நாட்டுல அனுமதி இல்லாம வைக்கவும் கூடாது. அதுக்கு பதில் ஆஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஆப்ல ஏரியா மேப்ப முன்னாடியே டவுன்லோடு பண்ணிட்டு, சிக்னல் போனதும் ஏரோப்ளேன் மோடு போடுங்க. ஜிபிஎஸ் அப்பவும் வேலை செய்யும், டவர் தேடித்தேடி பேட்டரி தீர்றதும் நிக்கும். ஆளே வராத பக்கம் போறீங்கன்னா சேட்டிலைட் மெசஞ்சர் (டவர் இல்லாமலே சேட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்பற கருவி) ஒண்ணு வேணும், ஐபோன் 14ல இருந்து சேட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கு, ஆனா எல்லா நாட்டுலயும் கெடயாது, போற எடத்துல உண்டான்னு பாத்துக்குங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி இன்ஜின ஓடவிட்டு, மேப்ப போட்டு, கேபிள கையால நல்லா ஆட்டிப் பாருங்க. சிம்பல் ஒரு தடவ மறைஞ்சாலும் அந்த ஜாயின்ட்ட திரும்ப பிரிங்க.