அலமாரியில் இருக்கும் சிடிகளை வீட்டு இசை நூலகமாக மாற்றுவது எப்படி?

அப்பா சேர்த்து வைத்த சிடிகள் எங்கள் வீட்டில் 230 இருந்தன. பாதி கர்நாடக இசை, பாதி சினிமாப் பாட்டு. போன வருடம் வாங்கிய லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை, காரிலும் இல்லை. "எல்லாம்தான் ஆன்லைனில் கிடைக்கிறதே" என்று வீட்டில் சொன்னார்கள். சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைத்தது. கச்சேரிப் பதிவுகளில் பல எங்கு தேடியும் இல்லை. அதனால் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதல் முறை செய்கிறவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் பிரித்து வையுங்கள்

எல்லா சிடியும் ஒன்றல்ல. விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டதும் 'ட்ராக்01' என்று மிகச் சிறிய ஃபைல்கள் வரிசையாகத் தெரிந்தால் அது ஆடியோ சிடி. இந்தக் கட்டுரை அதற்குத்தான். ஒரே சிடியில் நூறு, நூற்றைம்பது பாட்டு இருந்தால் அது எம்பி3 சிடி. அதை அப்படியே ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்தால் போதும். அதை வேறு உயர்ந்த வடிவத்துக்கு மாற்றினாலும் ஃபைல்தான் பெருக்கும், ஒலி கூடாது.

மூன்றாவது வகை, வெற்று சிடியில் வீட்டிலோ கடையிலோ எழுதிய (பர்ன் செய்த) சிடிகள். கல்யாணக் கச்சேரி, கோயில் விழாப் பதிவு, பாட்டி பாடியது எல்லாம் இதில்தான் இருக்கும். கம்பெனி அச்சடித்து விற்ற சிடியில் ஒலி பிளாஸ்டிக்கில் மிகச் சிறு பள்ளங்களாக அச்சாகி, அதன்மேல் அலுமினியப் படலம் பூசியிருக்கும். எழுதிய சிடியில் அது ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. வெயிலும் சூடும் பட்டால் சாயம் வெளுத்துவிடும். அடிப்பக்கம் லேசான பச்சை அல்லது நீல நிறமாகத் தெரிவது இதன் அடையாளம். வேலையை இவற்றிலிருந்தே ஆரம்பியுங்கள். மற்ற சிடி போனால் இன்னொன்றைத் தேடிப் பிடிக்கலாம், இதற்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

2. என்ன வடிவத்தில் சேமிப்பது

ஃபிளாக். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

ஆடியோ சிடியில் ஒரு நொடிக்கு ஒலியின் 44,100 அளவீடுகள் (மாதிரிகள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு சேனல். நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி ஆகும். ஃபிளாக் இதில் எதையும் தூக்கி எறியாமல் ஏறத்தாழ பாதியாகச் சுருக்குகிறது. எம்பி3 சிறிதாக இருப்பது சில ஒலிகளை நிரந்தரமாக நீக்கிவிடுவதால்தான். நான் முதலில் நாற்பது சிடிகளை 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக மாற்றினேன். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டபோது தம்புராவின் நாதம் மெலிந்து, ஜால்ராச் சத்தம் கரகரத்தது. நாற்பதையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. ஃபிளாக் இருந்தால் எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்பி3இல் போனது திரும்பி வராது.

இடம் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு சிடி 300 முதல் 400 எம்பி. என்னுடைய 230 சிடிகளும் 100 ஜிபிக்குள் அடங்கிவிட்டன.

3. சிடியிலிருந்து எடுப்பது

யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வேண்டும். மென்பொருள்: விண்டோஸ் என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக் என்றால் எக்ஸ்எல்டி, லினக்ஸ் என்றால் விப்பர். மூன்றும் இலவசம்.

ஏன் குறிப்பாக இவை? சிடி பிளேயர் ஒரு கீறலில் தடுமாறினால், விட்டுப்போன இடத்தை அக்கம்பக்கத்து ஒலியை வைத்து ஊகித்து நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கேட்கும்போது அது நல்லது. நிரந்தரப் பிரதி எடுக்கும்போது நமக்கு ஊகம் வேண்டாம். இந்த மென்பொருள்கள் சந்தேகமான இடத்தை மறுபடி மறுபடி படித்து ஒப்பிடுகின்றன, முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லிவிடுகின்றன.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் செய்ய வேண்டியது இதுதான். முதல் முறை திறந்ததும் சில கேள்விகள் கேட்கும். வேகமா, துல்லியமா என்று கேட்கும் இடத்தில் துல்லியத்தைத் தேர்ந்தெடுங்கள், வடிவத்துக்கு ஃபிளாக். பிறகு சிடியைப் போட்டு, எல்லா ட்ராக்கையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் விசையோடு எஃப்6 அழுத்துங்கள். இது ஒவ்வொரு ட்ராக்கையும் முதலில் சோதனையாக ஒரு முறை, பிறகு காப்பியாக ஒரு முறை படிக்கும். இரண்டுக்கும் வரும் எட்டு எழுத்துச் சரிபார்ப்பு எண் ஒன்றாக இருந்தால் அந்த ட்ராக் பிழையில்லாமல் வந்திருக்கிறது என்று நம்பலாம்.

அக்யூரேட்ரிப் என்ற வசதியும் இதில் உண்டு. உலகத்தில் அதே சிடியை எடுத்த மற்றவர்களின் முடிவோடு நம்முடையதை ஒப்பிடும். ஆனால் நம் தமிழ் சிடிகள் பல அதில் பதிவாகியிருக்காது. அதனால்தான் இரண்டு முறை படிக்கச் சொல்கிறேன். நேரம் இரட்டிப்பாகும், ஆகட்டும்.

கீறல் விழுந்த சிடியா? பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் நனைத்து, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். ஒலித் தடம் சுருளாகச் செல்கிறது. குறுக்கே விழும் கீறல் ஒரு சுற்றில் மிகச் சிறு துண்டைத்தான் கெடுக்கும், அதைச் சிடியின் பிழைதிருத்தும் அமைப்பே சமாளிக்கும். தடத்தோடு கூடவே ஓடும் வட்டக் கீறலைச் சமாளிக்க முடியாது. படம் அச்சடித்த மேல்பக்கத்தையும் பத்திரமாகப் பாருங்கள், ஒலி இருக்கும் படலம் அதற்கு அடியில்தான் இருக்கிறது. அப்படியும் படிக்கவில்லை என்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். என்னிடம் மூன்று சிடிகள் அப்படித்தான் பிழைத்தன.

4. பெயர் வைப்பது

உண்மையான உழைப்பு இங்கேதான். ஆடியோ சிடிக்குள் பெரும்பாலும் பாட்டின் பெயர் இருக்காது. ட்ராக்குகளின் நீளத்தை வைத்து, இணையத்தில் உள்ள தரவுத்தளத்தில் மென்பொருள் தேடிப் பார்க்கும். தமிழ் சிடிக்கு ஒன்று எதுவும் வராது, அல்லது வருவது கண்டபடி இருக்கும். இளையராஜாவின் பெயரையே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். அப்படியே விட்டால் நூலகத்தில் நான்கு இளையராஜாக்கள் வந்து நிற்பார்கள். ஃபைலுக்குள் எழுதியிருக்கும் பாட்டு, ஆல்பம், பாடியவர் போன்ற விவரங்களுக்கு டேக் என்று பெயர். எம்பி3டேக் என்ற மென்பொருளில் (விண்டோஸில் இலவசம்) ஃபிளாக் ஃபைல்களின் டேக்கையும் திருத்தலாம். ஒரு பெயரை ஒரே விதமாகத்தான் எழுதுவது என்று முடிவு செய்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டுக்கு நான் வைத்த ஒழுங்கு: ஆல்பம் என்றால் படத்தின் பெயர், ஆல்பம் ஆர்டிஸ்ட் இசையமைப்பாளர், ஆர்டிஸ்ட் பாடியவர்கள், லிரிசிஸ்ட் பாடலாசிரியர். ஆல்பம் ஆர்டிஸ்டை நிரப்பாமல் விட்டால், பாடகர்கள் மாற மாற ஒரே படம் ஐந்து துண்டாகச் சிதறிவிடும். இன்னொரு விஷயம். நம் ஊரில் ஒரே சிடியில் இரண்டு மூன்று படப் பாட்டுகளைச் சேர்த்து விற்றார்கள். அவற்றைத் தனித்தனி ஆல்பமாகப் பிரித்துவிடுங்கள். ஆண்டு போடும்போது சிடி வந்த ஆண்டு வேண்டாம், படம் வந்த ஆண்டைப் போடுங்கள்.

கர்நாடக இசையில் பாடுபவர் ஆர்டிஸ்ட், கம்போசர் தியாகராஜர், தீட்சிதர் என்று சாகித்யகர்த்தா. ஃபிளாக்கில் நாமே புதுப் புலம் (டேக்கில் இன்னொரு தகவல் பகுதி) சேர்க்கலாம், ராகம், தாளம் இரண்டையும் சேர்த்துவிட்டேன். எம்பி3டேக்கில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் விசையோடு டி (T) அழுத்தினால் அதற்கான பெட்டி திறக்கும். பக்கவாத்தியக்காரர்கள் பெயரைக் கமெண்ட் பகுதியிலாவது எழுதுங்கள். வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்கள் யாரென்று சிடியின் உள்ளட்டையில் மட்டும்தான் இருக்கும். அட்டை தொலைந்தால் அந்தப் பெயர்களும் தொலைந்துபோகும். அட்டையின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். முன்பக்கப் படத்துக்கு மட்டும் 'கவர்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் பிளேயர்கள் தானாக எடுத்துக்கொள்ளும்.

டேக் தமிழிலா, ஆங்கிலத்திலா? நான் தமிழில் வைத்திருக்கிறேன், அம்மா படித்துத் தேட வேண்டுமே. ஃபைல் பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். கார் ஸ்டீரியோ சிலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும்.

5. வீடு முழுக்கக் கேட்க

பழைய லேப்டாப் ஒன்றில் ஜெல்லிஃபின் நிறுவுங்கள். அதிலிருக்கும் பாட்டுகளை வீட்டு நெட்வொர்க் வழியாக மற்ற கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருள் இது, இலவசம்தான். நிறுவியதும் பிரவுசரில் திறக்கும். கணக்கு ஒன்று உருவாக்கி, மியூசிக் வகை நூலகம் சேர்த்து, உங்கள் ஃபோல்டரைக் காட்டினால் முடிந்தது. ஜெல்லிஃபினில் உள்ள பாட்டைக் கேட்க ஃபோனில் ஃபின்ஆம்ப் செயலியைப் போட்டு, லேப்டாப்பின் ஐபி முகவரியோடு (வீட்டு நெட்வொர்க்கில் அதற்குள்ள எண் முகவரி) 8096 என்ற எண்ணைச் சேர்த்துக் கொடுங்கள். ரவுட்டரில் அந்த லேப்டாப்புக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்த பிறகு முகவரி மாறி, ஃபோன் நூலகத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

கச்சேரி சிடியில் ஆலாபனை ஒரு ட்ராக், கிருதி அடுத்த ட்ராக் என்று இருக்கும். நடுவில் அரை நொடி மௌனம் விழுந்தால்கூட மனம் கலைந்துவிடும். எந்தச் செயலியாக இருந்தாலும் இடைவெளி இல்லாமல் ஒலிக்கும் 'கேப்லெஸ்' வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

6. இன்னொரு பிரதி

வேறொரு ஹார்ட் டிஸ்கில் எல்லாவற்றையும் காப்பி செய்து, அதை வேறொரு வீட்டில் வையுங்கள். எங்களுடையது தங்கை வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது எடுத்து, புதிதாகச் சேர்த்தவற்றை ஏற்றிவிட்டு வருகிறேன். ஒவ்வொரு ஃபிளாக் ஃபைலுக்குள்ளும் தன்னைத்தானே சரிபார்க்கும் குறியீடு இருக்கிறது. ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருள் கொண்டு வருடத்துக்கு ஒரு முறை சோதித்தால், கெட்டுப்போன ஃபைல் எது என்று தெரிந்துவிடும், மற்ற பிரதியிலிருந்து எடுத்து மாற்றிவிடலாம்.

சிடிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஒரு ட்ராக்கில் சந்தேகம் வந்தால் திரும்பிப் போக மூலம் வேண்டும். பெட்டியோடு செங்குத்தாக அடுக்கி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். எங்கள் வீட்டில் அவை அப்பா அடுக்கிய வரிசையிலேயே இருக்கின்றன, ஒவ்வொன்றின் முதுகிலும் ஃபோல்டர் எண்ணை மட்டும் ஒட்டியிருக்கிறேன்.