செஸ்னா இறக்கையில் பறவை எச்சம்: கீறல் விழாமல் எடுப்பது எப்படி?

பறவை எச்சத்தைக் கண்டதும் கையில் கிடைத்த துணியை எடுத்து வறக் வறக்கென்று தேய்ப்பதுதான் இறக்கைக்கு நடக்கும் பெரிய கெடுதல். எச்சம் விட்ட கறையைப் பெரும்பாலும் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். தேய்த்துப் போட்ட கீறலை எடுக்க பெயின்டையே சீவ வேண்டிவரும்.

இந்த விளக்கம் செஸ்னா 172-ஐ வைத்து எழுதியது. பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணும் விமானம் அது; பெயின்ட் அடித்த அலுமினிய இறக்கை, அதுவும் தலைக்கு மேலே. மற்ற வகைகளுக்கு எது மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

கறை எப்படி விழுகிறது

எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலமும் அதன் உப்புகளும். இது தண்ணீரில் லேசில் கரையாது. அதனால்தான் மழையில் நனைந்த பிறகும் வெள்ளைத் திட்டு அப்படியே நிற்கிறது. கறுப்புப் பகுதியில் பழக்கொட்டை, தானிய உமி, மண் துகள் எல்லாம் இருக்கும். உலர்ந்ததை விரலால் நசுக்கிப் பார்த்தால் நறநறவென்று தெரியும். அந்த நறநறப்பைத்தான் பெயின்ட் மேல் வைத்துத் தேய்க்கிறோம்.

அமிலம் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியைச் செய்வது வெயில். பகலில் பெயின்ட் சூடாகி சற்று இளகி விரியும். எச்சம் அதற்குள் காய்ந்து இறுகிவிடும். குளிரும்போது பெயின்ட் சுருங்கி, அந்த மேடுபள்ளத்தின் மேலேயே படியும். எச்சத்தை எடுத்த பிறகும் மங்கலாகத் தெரியும் வட்டம் இதுதான். ஆகவே காலையில் விழுந்ததை மதிய வெயிலுக்கு முன் எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பெயின்ட் உரிந்த இடத்தில் விழுந்தால் கதை வேறு. இறக்கைத் தகடு 2024 என்னும் செம்பு கலந்த அலுமினியக் கலவை. பலம் அதிகம், அரிப்பைத் தாங்கும் சக்தி குறைவு. அதற்காகத்தான் தகட்டின் இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய படலமாக ஏற்றியிருப்பார்கள். ரிவெட் தலைகளின் ஓரத்திலும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பிலும் பெயின்ட் முதலில் வெடிக்கும். ஈரமும் அமிலமும் தங்குவதும் அங்கேதான்.

எடுத்துவைக்க வேண்டியவை

10 லிட்டர் வாளி இரண்டு. ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீரில் 30 மில்லி கார் ஷாம்பு. காரமோ அமிலமோ இல்லாத, பி.எச். 7-ஐ ஒட்டிய வகை. டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர், துணியை அலச. மைக்ரோஃபைபர் துணி எட்டுப் பத்து, ஊறவைக்கப் பழைய பருத்தித் துணி, ஸ்ப்ரே பாட்டில், ஈரம் ஒற்ற ஷாமி தோல். நின்று வேலை செய்ய மேடை வைத்த ஏணி. சாய்ப்பு ஏணியை இறக்கையின் முன்விளிம்பில் சாய்த்தால் தகடு நசுங்கும்.

ரப்பர் கையுறையும் என்95 முகக்கவசமும் கண்டிப்பாக வேண்டும். உலர்ந்த எச்சத்தின் தூசி வழியாக ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ், சிட்டகோசிஸ் போன்ற நுரையீரல் தொற்றுகள் வரலாம். எனவே காய்ந்ததைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். முதலில் நனைப்பு, பிறகுதான் மற்றது. விமானம் நிறுத்தும் ஹேங்கரின் தரைக்கும் இதே விதி.

வீட்டில் இருக்கிறதே என்று கொண்டுவரக் கூடாதவை: சலவை சோடா (அலுமினியத்தை அரிக்கும்), வினிகர் (ஏற்கெனவே இருக்கும் அமிலம் போதும்), ப்ளீச் (குளோரைடு அலுமினியத்தில் புள்ளி புள்ளியாகக் குழி போடும்), பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், ஸ்டீல் கம்பளி. கடைசியில் சொன்னது கீறுவதோடு நிற்காது. அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் அங்கேயே அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

படி 1: ஓட்டைகளை மூடுங்கள், எண்ணி எழுதுங்கள்

விமானத்தை நிழலுக்குத் தள்ளுங்கள். மாஸ்டர் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா, சாவி எடுத்தாயிற்றா என்று பாருங்கள். இறக்கையைப் புறங்கையால் தொட்டால் சுடக் கூடாது. சூடான தகட்டில் சோப்பு நொடியில் காய்ந்து புதுக் கறை போடும்.

172-இல் தண்ணீர் போகக் கூடாத இடங்கள் பெரும்பாலும் இடது பக்கமே இருக்கின்றன. இறக்கைக்கு அடியில் வேகம் அளக்க உதவும் பிட்டோ குழாய், முன்விளிம்பில் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) எச்சரிக்கையின் சின்னத் துவாரம், இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட் கம்பத்துக்குப் பின்னால் டேங்குக்குக் காற்று போகும் எரிபொருள் வென்ட், உடலின் முன்பகுதியில் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டிக் துவாரம். சிவப்புக் கொடி தொங்கும் உறைகளால் மூடுங்கள். அப்படி உறை இல்லாத இடத்தில் பளிச்சென்ற நிறத்தில் டேப், அதில் ஒரு முழ நீளத்துக்குத் தொங்கும் வால். எத்தனை மூடினீர்கள் என்பதைத் தாளில் எழுதி, விமானியின் இருக்கை மேல் வையுங்கள்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 1996 அக்டோபர் 2 அன்று பெருவின் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603, கழுவும்போது ஸ்டாட்டிக் துவாரங்களில் ஒட்டிய டேப்பை எடுக்காமல் பறந்தது. உயரமும் வேகமும் தப்புத் தப்பாகக் காட்ட, இருட்டில் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். அது போயிங் 757. துவாரம் அடைபட்டால் செஸ்னாவின் கருவிகளும் அப்படித்தான் பொய் சொல்லும்.

படி 2: ஊறவிடுங்கள்

பருத்தித் துணியை சோப்புத் தண்ணீரில் முக்கி, லேசாகப் பிழிந்து, எச்சத்தின் மேல் போர்த்துங்கள். புதிதாக விழுந்ததற்கு ஐந்து நிமிடம், நாள்பட்டதற்கு 15 நிமிடம். நடுவில் ஸ்ப்ரே பாட்டிலால் துணியை நனைத்துக்கொண்டே இருங்கள், காயவிடக் கூடாது. யூரிக் அமிலம் கரையப்போவதில்லை. திட்டு பெயின்டிலிருந்து பிடி தளர்ந்தால் போதும். தளரவில்லையா, இன்னொரு 15 நிமிடம். நகத்தால் சுரண்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

பல இடத்தில் விழுந்திருந்தால் எல்லாவற்றின் மேலும் துணியைப் போட்டுவிட்டு, முதலில் போட்டதிலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டு வரலாம்.

படி 3: கிள்ளி எடுங்கள்

சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, திட்டை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கூட்டி, கிள்ளித் தூக்குங்கள். ஒரு தூக்குக்கு ஒரு பக்கம். அடுத்ததற்குத் துணியைத் திருப்புங்கள். நாலு பக்கமும் அழுக்கானால் வெறும் தண்ணீரில் அலசி, அதன் பிறகே சோப்பு வாளிக்குப் போக வேண்டும். ஒரே வாளியில் திரும்பத் திரும்ப முக்கினால் எடுத்த மண்ணையே மறுபடி இறக்கையில் பூசுகிறீர்கள். தரையில் விழுந்த துணி அன்றைக்கு இறக்கைக்கு ஆகாது.

செஸ்னாவின் இறக்கை மேல் ஏறக் கூடாது, முழங்கையை ஊன்றியும் சாயக் கூடாது. எட்டாவிட்டால் ஏணியை நகர்த்துங்கள்.

படி 4: அலசுவதும் உலர்த்துவதும்

குழாய்த் தண்ணீர் மெதுவாக, முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி ஓட வேண்டும். தகடுகளின் மடிப்பு பின்னோக்கி இருப்பதால் இப்படி ஓடும் தண்ணீர் உள்ளே நுழையாது. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அது மூட்டுகளுக்குள் தண்ணீரை ஏற்றி, கீலில் இருக்கும் உயவையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

எரிபொருள் மூடியைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குக் குழாயே வேண்டாம், ஈரத் துணி போதும். மூடியின் ரப்பர் வளையம் பழசானால் தண்ணீர் நேராக டேங்குக்குள் இறங்கும்.

மேல் இறக்கையிலிருந்து வழிவது முன்கண்ணாடியில்தான் சொட்டும். அது அக்ரிலிக். வீட்டுக் கண்ணாடி கிளீனர், ஆல்கஹால், பெட்ரோல் எது பட்டாலும் நுண்விரிசல் விட்டு மங்கிப்போகும். நிறையத் தண்ணீர் விட்டு, வெறுங்கையால் தடவி மணல் இல்லை என்று உறுதி செய்தபின் துடையுங்கள்.

ஷாமியால் ஒற்றிய பிறகு எய்லரானை (இறக்கையின் பின்விளிம்பில் கீலில் அசையும் மடல்) கையால் மெதுவாக மேலும் கீழும் அசைத்து, தங்கிய தண்ணீரை வடியவிடுங்கள். கீலுக்குள் எச்சம் புகுந்திருந்தால் உயவு புதிதாகப் போட வேண்டும் என்று பராமரிப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

பிறகு உறைகளை எடுத்து, தாளில் எழுதிய எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். சிறிது நேரம் கழித்து எரிபொருள் மாதிரி எடுங்கள். 172எஸ் மாடலில் இறக்கைக்கு ஐந்து வீதம் பத்தும், உடலின் அடியில் மூன்றுமாக 13 வடிப்பு வால்வுகள் உண்டு. எல்லாவற்றிலும் எடுக்க வேண்டும். 100எல்எல் என்னும் விமானப் பெட்ரோல் இளநீலம். தண்ணீர் அடியில் நிறமில்லாத குமிழாக நிற்கும். கோப்பை முழுக்கவே நிறமில்லாமல் இருந்தால் ‘சுத்தம்’ என்று நினைத்துவிடாதீர்கள், அது முழுக்கத் தண்ணீராகவே இருக்கலாம்.

படி 5: என்ன மிச்சம் என்று பாருங்கள்

டார்ச்சை இறக்கையோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். மங்கலான வட்டம் மட்டும் என்றால், நைசான கார் பாலிஷை மெல்லிய துணியில் பட்டாணி அளவு எடுத்துக் கையாலேயே தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். மெஷின் வேண்டாம், ரிவெட் தலையில் ஒரு நொடி நின்றாலும் பெயின்ட் போய்விடும்.

பெயின்ட் கொப்புளித்திருந்தாலும், ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தாலும், பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் கோடுகள் ஓடினாலும் அதோடு நிறுத்துங்கள். அது அரிப்பு. போட்டோ எடுத்து, லைசென்ஸ் பெற்ற பராமரிப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். நீங்களே டச்-அப் பெயின்ட் அடிக்க வேண்டாம், எய்லரானில் கண்டிப்பாக வேண்டாம். அங்கே கூடும் எடை அதன் சமநிலையை மாற்றும், சமநிலை கெட்டால் வேகத்தில் படபடக்கத் தொடங்கும்.

படி 6: மெழுகு

நல்ல கார் மெழுகோ பாலிமர் சீலன்ட்டோ போதும். மெல்லிய பூச்சு, காய்ந்தபின் துடைப்பு, அதற்கு மேல் இன்னொன்று. முன்விளிம்பில் கொஞ்சம் தாராளமாகப் போடலாம், பூச்சியும் மணலும் உரசுவதைத் தாங்கும். மெழுகு எச்சத்தைத் தடுக்காது. பெயின்டைத் தொடவிடாமல் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். கர்னூபா மெழுகு வெயிலில் சில வாரம், சீலன்ட் சில மாதம். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் பரவினால் மறுபூச்சுக்கு நேரமாகிவிட்டது.

புதுப் பெயின்ட் முழுதாக இறுகும் முன் மெழுகு போடக் கூடாது. எத்தனை நாள் என்று பெயின்ட் அடித்தவரிடம் கேளுங்கள். சிலிக்கோன் கலந்ததைத் தவிருங்கள், பின்னாளில் பெயின்ட் அடிக்கும்போது ஒட்டாமல் குழி குழியாக விலகும். ஸ்டாட்டிக் துவாரத்தின் பக்கமே மெழுகு போகக் கூடாது.

மற்ற இறக்கைகள்

பைப்பர் விமானங்களின் தாழ்ந்த இறக்கையில், வலது பக்கம் உடலை ஒட்டியுள்ள கறுப்புச் சொரசொரப்புப் பட்டையில் மட்டும் மிதிக்கலாம். முன்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டால் எச்சரிக்கைத் தகட்டைத் துணி கொக்கி போட்டு வளைத்துவிடாமல் பாருங்கள். தகட்டுக்குப் பதில் துணி போர்த்திய இறக்கையில் அழுத்தமே கூடாது. அடிப்பக்க வடிகால் துவாரங்கள் அடைபடவில்லையா என்று மட்டும் பாருங்கள்.

பறவையை வரவிடாமல்

பறவை உட்காரும் உத்தரத்துக்கு நேர்கீழே நிறுத்தினால் தினமும் கழுவ வேண்டியதுதான். இறக்கையில் எச்சம் விழும் இடத்திலிருந்து நேர்மேலே பாருங்கள். உட்காரும் இடம் தெரிந்துவிடும். பல சமயம் விமானத்தை ஒரு மீட்டர் நகர்த்தினாலே தீர்வு. வலை கட்டுவதானால் புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண், மைனா அளவுப் பறவைக்கு 28, குருவிக்கு 19. பிளாஸ்டிக் ஆந்தையும் மினுங்கும் ரிப்பனும் சில நாள் பலிக்கும், பிறகு ஆந்தையின் தலையிலேயே புறா உட்காரும். பசை ஜெல் வேண்டாம்: பறவை சிக்கும், தூசி ஒட்டும், சூட்டில் இறக்கை மேல் வழியும். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைக்கும் முன் உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

இறக்கை உறை வாங்கினால் காற்று புகும் துணியாக வாங்குங்கள். போடும் முன் இறக்கை சுத்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் ஆடும் உறை அடியில் உள்ள மணலை வைத்து நாள் முழுதும் தேய்த்துக்கொண்டிருக்கும். மழைக்குப் பின் கழற்றிக் காயவையுங்கள். எஞ்சின் காற்று நுழைவுக்கும் அடைப்பு போடுங்கள்: எச்சம் போட வரும் மைனா கூடும் கட்டும். ஒரு பகல் போதும், காலிங் என்னும் எஞ்சின் மூடிக்குள் வைக்கோல் சேர்ந்துவிடும். எஞ்சின் சூடானதும் அது தீப்பிடிக்கலாம்.