யானைக்கால் கொசுவை இனம் காண்பது எப்படி?

எங்கள் ஆத்தாவுக்கு இடது கால் முழங்கால் வரைக்கும் வீங்கியே இருந்தது. கும்பகோணம் பக்கம் பழைய ஆட்களைக் கேட்டால் அப்படி ஒரு காலைப் பார்த்த கதை வைத்திருப்பார்கள். அந்த யானைக்கால் நோயின் புழுவைக் கொண்டுவருவது கியூலெக்ஸ் குயின்கிஃபேசியாட்டஸ் என்ற கொசு. டெல்டாவில் ஒரு சிக்கல் உண்டு: நடவு வயலில் பிறந்து ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் வேறு கியூலெக்ஸ் கொசுக்களும் பார்வைக்கு இதே மாதிரிதான்.

முதலில் பிடிக்க வேண்டும். விடியற்காலையில் கொடித்துணி, கட்டிலடி, பரண் இருட்டு ஆகிய இடங்களைப் பாருங்கள். சின்னக் கண்ணாடிக் குழாயைக் கொசுவின் மேல் மெல்லக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகுங்கள். அடித்துவிடாதீர்கள். உடம்பின் செதில் உதிர்ந்தால் அடையாளமும் போய்விடும்.

பிடிப்பதற்கு முன்பே அது உட்காரும் விதத்தைக் கவனியுங்கள். வாலைத் தூக்கிச் சாய்ந்து நின்றால் மலேரியாவின் அனாஃபிலிஸ். கறுப்பு உடம்பில் வெள்ளை வரி இருந்தால் டெங்குவின் ஏடிஸ். சுவரோடு ஒட்டினாற்போல் உட்காரும் பழுப்புக் கொசுதான் நமக்கு வேண்டும்.

குழாயை அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, கொசுவை வெள்ளைத் தாளில் போடுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். தலையில் இறகு போல அடர்ந்த உணர்கொம்பு இருந்தால் ஆண், கடிக்காது, ஒதுக்கிவிடுங்கள்.

இனி முக்கியமான இடம், கொசு குத்தி உறிஞ்சும் ஊசிக்குழல். நட்டநடுவில் தெளிவான வெள்ளை வளையம் இருந்தால் அது வயல்கொசு. காலின் கணுக்களிலும் மெல்லிய வெள்ளைப் பட்டை தெரியும். நம் கொசுவுக்குக் குழலிலும் வளையம் இல்லை, காலிலும் பட்டை இல்லை. குழலின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் வெளிறித் தெரியும், அதை வளையம் என்று எண்ணி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குழலை உருட்டி மேல்பக்கத்தையும் பாருங்கள். வயிற்றில் ஒவ்வொரு கட்டின் தொடக்கத்திலும் பிறை போல வெளிர்ப்பட்டை இருக்கும். வயிற்று நுனி மழுங்கியிருக்கும்.

பிறப்பிடமும் சாட்சி சொல்லும். இது தேடுவது சாக்கடை, செப்டிக் டேங்க் போன்ற அழுக்குத் தண்ணீரை. முட்டைகள் கரும்பழுப்பாக ஒட்டிச் சின்னத் தெப்பம் போல மிதக்கும்.

இனம் தெரிந்ததால் அந்தக் கொசுவுக்குள் புழு இருக்கிறது என்று ஆகாது. அதை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மனிதரிடம் நுண்புழுவை, அதாவது அந்தப் புழுவின் குஞ்சுகளை, நுண்ணோக்கியில் தேட ரத்தம் இரவில் எடுப்பார்கள், அவை அப்போதுதான் ரத்தத்தில் மிகுதியாக வரும்.

வீட்டில் இந்தக் கொசு கிடைத்தால் அன்றைக்கே செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலை கட்டிவிடுங்கள்.