வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்தபோது

2023-இல் லண்டனில் எங்கள் வீட்டுக்காரர் செக்ஷன் 21 நோட்டீஸ் கொடுத்தார்; காரணம் சொல்லாமலே காலி செய்யச் சொல்ல அப்போது சட்டத்தில் இருந்த வழி அது. இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும்; சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி அலுவலகத்துக்கு, போனால், "வெளியேற்ற ஆள் வரும்போது வாருங்கள்" என்றார்கள். அன்றிரவு தூக்கமே இல்லை. அப்புறம் வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் தொண்டு நிறுவனத்துக்குப் போன் செய்தபோதுதான் தெரிந்தது: 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, நோட்டீஸ் 56 நாளுக்குள் முடிவதாக இருந்தாலே கவுன்சில் உதவத் தொடங்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அதை அப்படியே எழுதி, நோட்டீஸ் நகலோடு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த வாரமே கூப்பிட்டார்கள். புது வீட்டு முன்பணத்துக்கும் உதவி கிடைத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். தேதி வந்ததும் பயந்து சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். எங்களைப் போலத் தனியார் வாடகை வீட்டில் இருப்பவர்களை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. நீங்களாகக் கிளம்பினால், வேண்டுமென்றே வீட்டை விட்டவர் என்று கவுன்சில் சொல்லிவிடக்கூடும்.